முதலில் வளர்ந்த கிடாவை விற்காதீர்கள்: வெள்ளாட்டு மந்தைக்குப் பொலிகிடா தேர்வும் பராமரிப்பும்

கடலூர் மாவட்டத்தில் பத்துப் பதினைந்து ஆடு வைத்திருக்கும் வீட்டில் எந்தக் கிடாக்குட்டி முதலில் கைமாறும்? கூடப் பிறந்ததைவிட வேகமாக வளர்ந்து, தோளும் தொடையும் திரண்டு நிற்கும் குட்டிதான். தீபாவளிக்கோ பக்ரீத்துக்கோ வியாபாரி அதைத்தான் கேட்பார். குலதெய்வத்துக்கு நேர்ந்துவிடுவதும் அதைத்தான். யாரும் வாங்காமல் மிஞ்சியது பட்டியில் நிற்கும். பெட்டைகளுக்குச் சேர்வதும் அதுவே. இப்படி நாலைந்து ஆண்டு போனால், "முன்னெல்லாம் எங்க ஆடு இன்னும் பெருசா இருக்கும்" என்ற பேச்சு வரும். தீவனமும் மேய்ச்சலும் குறைந்தது ஒரு காரணம்தான். ஆனால் நல்ல குட்டியை விற்றுச் சோப்ளாங்கியைப் பொலிக்கு, அதாவது இனப்பெருக்கத்துக்கு, நிறுத்தியதும் அதே அளவுக் காரணம்.

கணக்கு எளிது. 25 பெட்டைகளுக்கு ஓர் ஆண்டில் 40 குட்டி பிறந்தால், ஒரு பெட்டையின் குணம் அவற்றில் ஒன்றிரண்டில்தான் இறங்கும். கிடாவின் குணம் நாற்பதிலும் பாதிக்குப் பாதி இறங்கும். ஆகவே பெட்டை வாங்கப் பத்து நாள் அலைகிறவர்கள் கிடா வாங்க ஒரு மாதமாவது அலைய வேண்டும். புதிதாக இறைச்சிக்கு ஆடு வளர்க்கத் தொடங்குவோர் என்ன பார்த்து எடுப்பது, எடுத்தபின் எப்படி வைத்துக்கொள்வது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

எந்த இனம்?

இதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். பரங்கிப்பேட்டை, புவனகிரி, பாகூர் போன்ற ஈரப் பகுதிகளில் குளம்பு நனைந்தே கிடக்கும், காற்றிலும் புழுக்கம். மலபார் பக்கத்துத் தலைச்சேரி ஆடு மழைக்கும் புழுக்கத்துக்கும் பழகிய இனம், இரட்டைக் குட்டியும் போடும். விருத்தாசலம், திட்டக்குடி, வேப்பூர் பக்கத்து வறண்ட மேய்ச்சலுக்குக் கன்னி ஆடு, கொடி ஆடு, சேலம் கருப்பு ஆகியவையும் ஒத்துவரும். தலைச்சேரிக் கிடா தேடுவோர் செங்கல்பட்டு பக்கம் காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக நிலையத்தில் விசாரிக்கலாம். அங்கே அந்த இனத்தைப் பராமரிக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்க இறைச்சி இனமான போயர் கிடா மேல் இப்போது ஆசை அதிகம். கலப்புக் குட்டி எடை கூடும் என்பது உண்மை. ஆனால் 18 கிலோ உள்ள நாட்டுப் பெட்டைக்கு, அதுவும் தலை ஈத்துக்கு (முதல் பிரசவத்துக்கு), பெருங்கிடாவைச் சேர்த்தால் குட்டி வெளியே வராமல் தாயும் குட்டியும் சேர்ந்து போகும் ஆபத்து உண்டு. உருவத்தில் பெரிய, இரண்டு ஈத்தாவது கண்ட பெட்டைகளுக்கு மட்டும் அப்படிச் சேர்க்கலாம். எந்த இனமானாலும் கிடாவின் எடை பெட்டைகளின் சராசரியைப் போல இரு மடங்கைத் தாண்ட வேண்டாம்.

சந்தையா, பட்டியா?

வேப்பூரில் வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச்சந்தை விற்பதற்கு நல்ல இடம். பொலிகிடா வாங்க அது இடமல்ல. அங்கே வரும் கிடாவின் தாய் எது, எத்தனை குட்டியோடு பிறந்தது, ஏன் விற்கிறார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பத்து ஊர் ஆடு ஒரே இடத்தில் மூச்சுவிடுவதால் ஆட்டுக்கொல்லி நோய் ஒட்டிக்கொண்டு வரவும் வாய்ப்பு அதிகம். பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் இறைச்சி விலைக்கு மேல் பணம் கொடுத்து இதையெல்லாம் வாங்கி வருவது எதற்கு?

தாயாடு நிற்கும் பட்டிக்கே போங்கள். கிடாவைப் பார்க்குமுன் தாயைப் பாருங்கள். குறைந்தது இரண்டு மூன்று ஈத்து போட்டிருக்க வேண்டும், பெரும்பாலும் இரட்டையாக, போட்டதைப் பால் கொடுத்துப் பிழைக்க வைத்திருக்க வேண்டும். மடி சமமாக, காம்பு இரண்டும் தெளிவாக இருக்க வேண்டும். கிடாவின் மகள்களுக்கு வரப்போவது இந்த மடிதான். இரட்டைப் பிறப்பு பரம்பரையாக இறங்குவது மெதுவாகத்தான் நடக்கும். வளர்ச்சி வேகம் அதைவிட நன்றாக இறங்கும். ஆகவே எடைக்கு முதல் மதிப்பெண், இரட்டைக்கு அடுத்தது. ஒரே வயதில் தனியாகப் பிறந்த கிடா 11 கிலோவும், இரட்டையில் ஒன்று 10 கிலோவும் இருந்தால் எடுக்க வேண்டியது 10 கிலோவை. அது பாலைப் பங்குபோட்டுக்கொண்டே அந்த எடைக்கு வந்திருக்கிறது.

எடையைக் கண்மதிப்பில் முடிவு செய்யாதீர்கள். தொங்கு தராசு இல்லையென்றால் தையல்காரர் டேப் போதும். முன்னங்கால்களை ஒட்டி நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு முனைவரை நீளத்தை அளங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வரும். சுற்று 28, நீளம் 26 என்றால் ஏறக்குறைய 31 கிலோ. வயிறு புடைக்கத் தண்ணீர் காட்டிய ஆட்டை அளக்காதீர்கள், காலையில் மேய்ச்சலுக்கு அவிழ்க்குமுன் அளங்கள்.

சொந்தப் பட்டியிலேயே கிடா எடுக்க நினைப்பவர்கள் ஒரு நோட்டுப் போடுங்கள்: பிறந்த தேதி, தாய், தனியா இரட்டையா, பிறந்தன்று எடை, 90ஆம் நாள் எடை. 2.2 கிலோவில் பிறந்து 90 நாளில் 10.5 கிலோ வந்த குட்டி நாளொன்றுக்கு ஏறக்குறைய 92 கிராம் ஏறியிருக்கிறது. இந்த ஒரு எண்ணை வைத்து வரிசைப்படுத்துங்கள். மேலே உள்ள இரண்டு கிடாக்குட்டியின் காதில் தோடு போட்டு, "இது விற்பனைக்கில்லை" என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். மற்றவற்றை விற்பதும் நேர்ந்துவிடுவதும் அதற்குப் பிறகு. அப்படி வளர்த்த கிடாவை நீங்கள் வைத்துக்கொள்ளாமல், உறவில்லாத மந்தை வைத்திருப்பவரோடு மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது.

கையால் தடவிப் பார்க்க வேண்டியவை

முதலில் பல். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழே எட்டு. எட்டும் பால்பல்லானால் ஒரு வயதுக்குள். நடுவில் இரண்டு பால்பல் விழுந்து பெரிய பல் முளைத்திருந்தால் 12 முதல் 15 மாதம். நாலு பல் என்றால் ஒன்றரை முதல் இரண்டு வயது. எட்டும் மாறியிருந்தால் மூன்று வயதுக்கு மேல். வாங்கச் சரியான வயது இரண்டு பல், மிஞ்சினால் நாலு பல். பார்க்கும்போதே கீழ்ப்பல் மேல் ஈறில் சரியாகப் படிகிறதா என்றும் பாருங்கள். தாடை குட்டையாகப் பல் உள்ளே போயிருந்தால் வேண்டாம், அது பரம்பரைக் குறை, மேய்ச்சலுக்கும் இடைஞ்சல்.

கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். ரோஜா நிறமாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் வயிற்றில் இரத்தம் குடிக்கும் புழு. தாடைக்கடியில் தண்ணீர்ப்பை போல வீங்கியிருந்தாலும் புழுதான். காதுக்குக் கீழ், தோள் முன்னால், தொடை மடிப்பில் உருண்டையாகக் கட்டி தட்டுப்பட்டால் விட்டுவிட்டு வாருங்கள். சீழ் வைக்கும் அந்தக் கட்டி நோய் உடைந்தால் பட்டி முழுதும் பரவும், பிறகு ஆண்டுக்கணக்கில் போகாது.

ஆட்டை நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பாருங்கள். பொலிகிடாவுக்குப் பின்னங்கால்தான் பிழைப்பு. ஏறும்போது உடல் எடை முழுதையும் தாங்குவது அதுதான். முழங்கால் ஒன்றோடொன்று உரசுவது, கணுக்கால் தரையைத் தொடுமளவுக்குச் சாய்வது, முதுகு குழிவது எல்லாம் தள்ளுபடி.

அடுத்தது விதை. பலர் கூச்சப்பட்டுத் தாண்டிவிடும் இடம், ஆனால் நீங்கள் பணம் கொடுப்பதே இதற்குத்தான். கிடாவை நிற்கவைத்துப் பின்னாலிருந்து இரு கையாலும் விதைப்பையைப் பிடியுங்கள். இரண்டு விதையும் இறங்கியிருக்க வேண்டும், ஒரே அளவாக, பைக்குள் தாராளமாக நழுவ வேண்டும். அமுக்கினால் முறுக்கிய புஜத்தைத் தொடுவது போல் விறைப்பாக இருக்க வேண்டும். பஞ்சு போலக் கொழகொழப்பானால் விந்து உற்பத்தி சரிந்திருக்கிறது. கல்லாக இறுகி, சுட்டு, தொட்டதும் துள்ளினால் அழற்சி. விதையின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் சிறு முடிச்சு போல ஒன்று இயல்பாகவே உண்டு. அது ஒரு பக்கம் மட்டும் பெருத்துக் கெட்டியாக இருந்தால் வழி அடைத்திருக்கலாம். சுற்றளவுக்கு எல்லா இனத்துக்கும் பொதுவான எண் கிடையாது. ஒரே வயதுள்ள கிடாக்களை வரிசையாக அளந்து பெரியதை எடுங்கள். ஒற்றை விதைக் கிடாவும் சினைப்படுத்தும், ஆனால் அந்தக் குறையைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கும்.

கொம்பு பற்றி ஒரு விஷயம். பிறவியிலேயே கொம்பில்லாத மொட்டைக் கிடா சாதுவாக இருக்கும், வேலியில் மாட்டாது என்று விரும்பி வாங்குகிறார்கள். உங்கள் பெட்டைகளிலும் மொட்டை இருந்தால் வாங்காதீர்கள். மொட்டைக்கு மொட்டை சேர்த்தால் ஆணும் பெண்ணும் கலந்த உறுப்போடு மலட்டுக் குட்டிகள் பிறக்கும். வெள்ளாட்டில் கொம்பின்மையும் இந்தக் குறையும் மரபில் ஒட்டியே வருகின்றன. கொம்புள்ள கிடாவை எடுத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

கடைசியாக, பருவத்துக்கு வந்த பெட்டை ஒன்றை அருகில் விடச் சொல்லுங்கள். கிடா முகர்ந்து, மேலுதட்டைச் சுருட்டி, சில நிமிடத்தில் ஏற வேண்டும். பத்து நிமிடம் புல் மேய்ந்துகொண்டிருந்தால் அதை அங்கேயே மேயவிடுங்கள்.

முதல் 30 நாள்

வாங்கி வந்த கிடாவை நேராகப் பட்டிக்குள் விடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. ஒரு மாதம் தனியாக, மற்ற ஆடு மூக்கு நீட்ட முடியாத தூரத்தில் கட்டுங்கள்.

வந்த அன்று வெல்லம் கரைத்த தண்ணீரும் காய்ந்த கடலைக்கொடியும் மட்டும். களைத்து வந்த வயிற்றில் தவிடும் சோறும் போட்டால் உப்பிவிடும். அன்றே நான்கு குளம்பையும் சீவி, 5 சதவீத மயில்துத்தக் கரைசலில் சில நிமிடம் நிற்கவையுங்கள், அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 500 கிராம். அதைக் குடிக்க விடக்கூடாது, தாமிரம் நஞ்சு.

இரண்டாம் மூன்றாம் நாளில் புழுக்கையை எடுத்துக் கால்நடை மருந்தகத்தில் புழு முட்டை பார்க்கச் சொல்லி, எடைக்கேற்ற மருந்து வாங்குங்கள். கண்மதிப்பில் குறைத்து ஊற்றினால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும். அந்த வாரமே புருசெல்லாவுக்கு இரத்தப் பரிசோதனை. கருச்சிதைவு உண்டாக்கும் அந்தக் கிருமி மனிதருக்கும் தொற்றும், ஆகவே இதைத் தவிர்க்க வேண்டாம். புதுச்சேரிப் பக்கத்தவர்களுக்குக் குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிலையம் அருகில் இருக்கிறது. விந்துப் பரிசோதனை பற்றியும் அங்கே விசாரிக்கலாம்.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல், சளி, கழிச்சல் எதுவும் இல்லையென்றால் விடுபட்ட தடுப்பூசிகளைப் போடலாம். ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஒருமுறை போட்டால் மூன்றாண்டு தாங்கும். குடலில் நச்சு சேர்ந்து ஆடு திடீரெனச் சாகும் துள்ளுமாரிக்கு ஆண்டுதோறும் மழைக்கு முன். ஒரேநாளில் எல்லாவற்றையும் குத்தாமல் மருத்துவர் சொல்லும் இடைவெளி விடுங்கள்.

எப்போது சேர்ப்பது?

வெள்ளாட்டின் சினைக்காலம் 150 நாள். நம் பகுதியில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர்வரை. புயலும் வெள்ளமும் அப்போதுதான். ஈரத் தரையில் பிறந்த குட்டி சளியிலும் கழிச்சலிலும் போய்விடும். ஆகவே அந்த மூன்று மாதத்தில் குட்டி விழாமல் பார்ப்பது பாதி வெற்றி. அதற்கு மே தொடக்கம் முதல் ஜூலை இறுதிவரை கிடாவைப் பிரித்து வைக்க வேண்டும். கத்திரி வெயிலில் விதை சூடேறி விந்தின் தரம் குறைவதால், அந்த மாதங்களில் சேர்த்தாலும் பலன் அரைகுறைதான்.

நினைவில் வைக்க எளிய நாள் ஒன்று உண்டு: ஆடிப்பெருக்கு. ஆகஸ்டு 3 அன்று கிடாவை விட்டால் முதல் குட்டி டிசம்பர் 31 வாக்கில். மழை விட்டு, பொங்கலுக்குக் குட்டி எழுந்து ஓடும். அடுத்த தீபாவளிக்கு ஒன்பது பத்து மாதக் கிடாக்கள் விற்பனைக்கு நிற்கும். இரண்டாவது சுற்று மாசி, பங்குனியில். அப்போது சேர்ந்தவை ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை ஈனும். மழைக்குள் குட்டிக்குக் கொஞ்சம் வலு வந்துவிடும்.

ஒவ்வொரு சுற்றும் 45 நாள் போதும். பெட்டை 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருவதால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்பு கிடைக்கும். இரண்டு பல் கிடாவுக்கு 10 பெட்டை, நாலு பல்லுக்கு மேல் 20 முதல் 25. அதற்கு மேல் இருந்தால் இரண்டாவது கிடா வாங்குங்கள். ஆனால் இரண்டையும் ஒரே பட்டியில் விடாதீர்கள். சண்டையிலேயே பொழுது போகும், எந்தக் குட்டி யாருடையது என்றும் தெரியாது.

கிடா வேலை செய்கிறதா என்று அறியக் காவிப்பொடி போதும். கடலை எண்ணெயில் குழைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை கிடாவின் நெஞ்சிலும் முன்னங்கால் இடுக்கிலும் பூசுங்கள். ஏறிய பெட்டையின் பின்முதுகில் காவி ஒட்டும், தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். 17ஆம் நாளில் காவியை விட்டு நீலப்பொடிக்கு மாறுங்கள். காவி பட்ட பெட்டைகளில் ஒன்றிரண்டின் மேல் நீலமும் பட்டால் இயல்பு. பாதிக்கு மேல் நீலமாகத் திரிந்தால் கிடாவிடம் கோளாறு, உடனே வேறு கிடா தேடுங்கள். இந்தச் சோதனை இல்லாதவர்கள் ஐந்து மாதம் கழித்துத்தான் அறிவார்கள். யார் மேலும் எந்த நிறமும் இல்லையென்றால் கிடா ஏறவே இல்லை, காலைப் பாருங்கள்.

மற்ற மாதங்களில் மந்தையோடு மேய்ச்சலுக்குப் போக வேண்டுமானால் அடிவயிற்றில் சாக்குத்துணியை அகலமாகக் கட்டி விடலாம். அவிழ்ந்துவிடும், நனைந்தால் புண்ணாக்கும், ஆகவே தினமும் பார்க்க வேண்டும். தனிக்கொட்டில்தான் நிம்மதி: 5 அடிக்கு 6 அடி இடம், 5 அடி உயர வேலி, மழைக்காலத்துக்குப் பரண். பட்டியில் பிறக்கும் மற்றக் கிடாக்குட்டிகளையும் நாலு மாதத்துக்குள் பிரியுங்கள் அல்லது காயடியுங்கள். ஐந்து மாதக் குட்டி தாயையே சினையாக்கிவிடும்.

தீவனமும் மூத்திரக்கல்லும்

விந்து உருவாகி வெளிவர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அதனால் ஆடிப்பெருக்குக்குக் கிடா தயாராக வேண்டுமென்றால் ஜூன் தொடக்கத்திலேயே தட்டில் தீவனம் விழ வேண்டும். ஜூலையில் மூன்று நாள் கடுங்காய்ச்சல் வந்த கிடா பார்க்கத் தேறிவிட்டாலும் செப்டம்பர்வரை நம்ப முடியாது என்பதும் இதனால்தான்.

40 கிலோக் கிடாவுக்குப் பசுந்தீவனம் 3 முதல் 4 கிலோ, மரத்தழை ஒரு கிலோ, காய்ந்த கடலைக்கொடி அரைக் கிலோ. பண்ருட்டிப் பக்கம் பலாத்தழைக்குப் பஞ்சமில்லை, அகத்தியும் வேலிமசாலும் வரப்பில் வளர்க்கலாம். சூபாபுல் மொத்தத் தழையில் மூன்றில் ஒன்றைத் தாண்ட வேண்டாம். அடர்தீவனம் சாதாரண நாளில் 250 கிராம், சேர்க்கைக்கு எட்டு வாரம் முன்பிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 400 முதல் 500 கிராம். 10 கிலோ கலக்க: மக்காச்சோளம் அல்லது கம்பு 4 கிலோ, கடலைப்பிண்ணாக்கு இரண்டரைக் கிலோ, கோதுமைத்தவிடு 3 கிலோ, தாது உப்புக்கலவை 200 கிராம், சுண்ணாம்புக்கல் தூள் 200 கிராம், சமையல் உப்பு 100 கிராம். மழைக்காலத்தில் பிண்ணாக்கு பூசணம் பிடித்துக் காறல் வாடை அடித்தால் குப்பையில் போடுங்கள். பருத்திக்கொட்டை பொலிகிடாவுக்கு ஆகாது, அதிலுள்ள நச்சுப்பொருள் விந்தைக் கெடுக்கும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது. கொழுத்த கிடா சோம்பேறி.

கலவையில் சுண்ணாம்புக்கல் தூளை விட்டுவிடாதீர்கள். தவிட்டிலும் தானியத்திலும் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. அளவு தப்பினால் சிறுநீரில் மணல் மணலாகக் கல் சேரும். பெட்டைக்குப் பாதை அகலம், போய்விடும். கிடாவுக்கு ஆண்குறியின் நுனியில் புழுப்போல நீளும் மெல்லிய குழாயிலேயே அடைத்துக்கொள்ளும். கிடா முதுகை வளைத்து முக்கும், வாலை ஆட்டும், கத்தும், பல்லைக் கடிக்கும், சொட்டுச் சொட்டாக வரும் அல்லது வரவே வராது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தால் ஓரிரு நாளில் மூத்திரப்பை வெடித்துவிடும். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். தொடக்கத்திலேயே போனால் அந்த நுனியை வெட்டிவிடுவதாலேயே பல கிடாக்கள் பிழைக்கின்றன. வராமல் தடுக்க நாள் முழுதும் சுத்தமான தண்ணீர், மேற்சொன்ன உப்பு, வீட்டில் மிஞ்சிய சோறும் கஞ்சியும் கிடாவின் பக்கம் போகாமல் பார்ப்பது.

குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவுங்கள். குட்டியாக இருக்கும்போது பிள்ளைகள் நெற்றியைத் தள்ளி முட்ட விளையாடுவதை அனுமதிக்காதீர்கள், 40 கிலோ ஆனபின்னும் அது விளையாட்டென்றே நினைக்கும். கொட்டிலுக்குள் அதற்கு முதுகு காட்டி நிற்கக்கூடாது.

எப்போது மாற்றுவது?

கிடாவை மந்தையில் விட்ட ஒன்றரை ஆண்டுக்குள்ளேயே அதன் மகள்கள் பருவத்துக்கு வந்துவிடும். கிடா எவ்வளவு நல்லதானாலும் அதற்குமுன் வெளியேற வேண்டும். அப்பனுக்கு மகள் சேர்ந்தால் குட்டி சிறுத்து, சவலையாகி, இறப்பு கூடும். நல்ல கிடாவை இறைச்சிக்கு விற்காமல் இரத்தத் தொடர்பில்லாத இன்னொரு மந்தைக்கு மாற்றிவிட்டால் இரண்டு பட்டிக்கும் லாபம். வரும் கிடாவுக்கு மறுபடியும் அதே 30 நாள் தனிக்கொட்டில், தெரிந்தவர் வீட்டுக் கிடாவானாலும். வயது முதிர்ந்து இறைச்சிக்கே போக வேண்டிய கிடாவானால், காயடித்து இரண்டு மூன்று மாதம் வைத்து விற்றால் கறியில் கிடா வாடை குறைந்திருக்கும். வியாபாரி மோந்து பார்த்து விலை குறைக்க அதிக இடமிருக்காது.